விலையை முதல் பக்கத்தில் எழுதுவோம்

"மார்க்கெட்டிங்னா என்னப்பா?" என்று எங்கள் ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். டை கட்டிக்கொண்டு வெயிலில் பைக்கில் சுற்றி, மாசக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. டிப்ளமா முடித்தவன் அந்தப் பக்கம் போனால், "ஏண்டா, மெஷின் பக்கம் ஒண்ணும் கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செய்கிறவன் செய்வான், விற்கிறவன் விற்பான், மெக்கானிக்கல்காரனுக்கு அதில் என்ன ஜோலி என்று.

இந்த நினைப்பைக் கெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகி, உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் வியாபாரம் சொல்லிக்கொடுத்த சி.கே.பிரகலாத். இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவர் கதை கடைசியில் வருகிறது. பேராசிரியர் முதலில் வரட்டும்.

பிரகலாத் 1941ல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பி.எஸ்.ஸி. இயற்பியல் முடித்த கையோடு, பத்தொன்பது வயதில், சென்னையிலேயே யூனியன் கார்பைட் கம்பெனியின் பேட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாலு வருஷம் அங்கே இருந்தார். தொழிற்சங்கக்காரர்களோடு உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பீஸ் ரேட் என்று பேசி முடிக்க வேண்டிய வேலை. ஷாப் ஃப்ளோரில் நிற்கிற தொழிலாளியின் அறிவை மதிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நம்மில் பாதிப் பேர் அப்ரெண்டிஸாக நிற்கப்போகிற இடத்திலிருந்துதான் அவரும் கிளம்பினார் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம். அது ஆரம்பித்த புதிது. முதல் செட்டில் படித்து 1966ல் வெளியே வந்தவர்களில் இவரும் ஒருவர். அங்கிருந்து ஹார்வர்டு, 1975ல் டாக்டர் பட்டம். கொஞ்ச காலம் அகமதாபாத்திலேயே வந்து பாடம் நடத்திவிட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடைசி வரை அவர் பேராசிரியராக இருந்தது அங்கேதான்.

1990ல் கேரி ஹேமல் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்தது. ஒரு கம்பெனியை மரம் மாதிரிப் பாருங்கள் என்றார்கள். கடையில் விற்கிற பொருள்கள் இலை, பூ, காய். அவற்றைத் தாங்குகிற வேர் என்பது அந்தக் கம்பெனிக்கு மட்டுமே கைவந்த திறமை. ஹோண்டாவுக்கு அது இன்ஜின். பைக், கார், புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர் என்று கிளை எங்கே போனாலும் வேர் ஒன்றுதான். போட்டிக்காரன் இலையை எண்ணிக்கொண்டிருப்பான், வேரைப் பார்க்கமாட்டான். இந்த ஒரு கட்டுரையிலேயே மனிதர் உலகப் புகழ் அடைந்துவிட்டார். நமக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இருப்பதால் இதை இதோடு விடுகிறேன்.

சொல்லிக்கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. 2000 வாக்கில் ரமேஷ் ஜெயின் என்ற கம்ப்யூட்டர் பேராசிரியருடன் சேர்ந்து கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில் சொந்தமாகவே ஒரு கம்பெனி நடத்தினார். பெயர் பிரஜா. மக்கள் என்ற அர்த்தத்தில் வைத்த பெயர்தான். சாதாரண ஜனங்களுக்கும் தகவல் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம். அது ஓடவில்லை. ஆட்களைக் குறைத்தார்கள், 2002ல் டிப்கோ என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. உலகத்துக்கே வியாபாரம் சொல்லிக்கொடுத்தவர் சொந்தக் கடையில் கையைச் சுட்டுக்கொண்டார் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அதனாலேயே அவர்மேல் மரியாதை கூடியது. அறுபது வயசை ஒட்டி, இருந்த நல்ல பெயரையும் பணயம் வைத்து இறங்குவது லேசுப்பட்ட காரியமா?

இனிதான் விஷயம்.

2004ல் அவருடைய முக்கியமான புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பிரமிடின் அடியில் இருக்கும் செல்வம்' என்று சொல்லலாம். உலக ஜனத்தொகையைப் பிரமிடு மாதிரி அடுக்கினால் உச்சியில் கொஞ்சம் பணக்காரர்கள், நடுவில் கொஞ்சம் பேர். அடியில் இருப்பவர்கள் நானூறு கோடிப் பேர், ஒரு நாளைக்கு இரண்டு டாலருக்கும் குறைவாக வைத்துப் பிழைப்பவர்கள். பெரிய கம்பெனிகள் இவர்களைத் திரும்பியே பார்ப்பதில்லை. 'இவங்ககிட்ட என்ன இருக்கு வாங்குறதுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். பிரகலாத் சொன்னது, ஏழையைப் பிச்சைக்காரனாகவும் பார்க்காதே, பாரமாகவும் பார்க்காதே, வாடிக்கையாளனாகப் பார். அவனுக்கும் நல்ல பொருள் வேண்டும், தேர்ந்தெடுக்கிற உரிமை வேண்டும், மரியாதை வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எப்படிச் செய்வது? அங்கேதான் நம்ம டிப்பார்ட்மெண்ட் வருகிறது. சாதாரணமாக நாம் போடுகிற கணக்கு என்ன? மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் லாபத்தையும் சேர்த்தால் விலை. அவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடச் சொன்னார். வாங்குகிறவன் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை முதலில் எழுது. அதில் லாபத்தைக் கழி. மிச்சம் இருப்பதுதான் உனக்கு அனுமதிக்கப்பட்ட செலவு. அந்தச் செலவுக்குள் செய்யத் தெரிந்தால் செய், இல்லாவிட்டால் டிராயிங்கைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பி. தரத்தைக் குறைக்கக்கூடாது, அதிலும் கண்டிப்பு. அப்படியானால் வித்தை முழுவதும் டிசைனிலும் புராசஸிலும்தான் இருக்கிறது. மார்க்கெட்டிங் என்பது பொருள் கடைக்குப் போன பிறகு தொடங்குகிற வேலை இல்லை, டிராயிங் போர்டில் முதல் கோடு போடும்போதே தொடங்குகிறது.

இதற்கு உதாரணமாக எல்லோரும் உடனே சொல்வது ஷாம்பு பாக்கெட். நம்ம பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அதுதான். அது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று நினைத்திருந்தீர்களானால் நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கடலூர் சின்னிக்கிருஷ்ணன் என்பவருடைய தலையில் உதித்தது. கூலி வேலைக்குப் போகிறவனும் வாங்கும்படி எதையும் சின்னப் பாக்கெட்டில் போட்டுத் தரவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை வெல்வெட் ஷாம்புவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் தனியே பிரிந்து வந்து, 1983ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று கொடுத்துப் பழக்கிவிட்டார். இன்றைய கெவின்கேர் அதிலிருந்து வளர்ந்ததுதான். பெரிய கம்பெனிகள் எல்லாம் பிறகு இவர்கள் வழிக்கு வந்தன.

பிரகலாதும் பாக்கெட்டைப் பாராட்டினார். அவர் பல வருஷம் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்து படிப்பது நல்லதல்லவா?

பாக்கெட் விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு பாதிதான். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மில்லிக்கு மலிவாக வந்தது. எங்களுக்கே ஆச்சரியம். ஆனால் பாக்கெட்டில் போட்டதால் வாங்குகிறவருக்கு வருமானம் ஏதாவது கூடியதா? அரப்புத் தேய்த்துக் குளித்த வீட்டில் இப்போது ஷாம்பு போட்டுக் குளிக்கிறார்கள், அவ்வளவுதானே? போதாக்குறைக்கு, காலிப் பாக்கெட் எல்லாம் எங்கே போகிறது என்று பார்க்க வைகை ஆற்றுக்குள் ஒரு தடவை இறங்கி நடந்து பாருங்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. அதற்கு ஒரு முழு அத்தியாயமே உண்டு. அது நம்ம மதுரை! பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்துபோகிற அரவிந்த் கண் ஆஸ்பத்திரி.

டாக்டர் ஜி.வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918ல் பிறந்தவர். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் எல்லாம் கோணிப்போனவர். அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தவர். அரசாங்க வேலையிலிருந்து ரிட்டயரானபோது வயது 58. எல்லோரும் ஈசிசேரில் சாய்கிற வயசில், 1976ல், அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஹாம்பர்கர் விற்கிற மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்துவிட்டு, எந்தக் கிளையில் வாங்கினாலும் ஒரே தரம், ஒரே வேகம் என்று இருக்கிறதே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்யமுடியாது என்று கேட்டவர் இவர். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போது அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்புவார், மைக்ராஸ்கோப்பும் திரும்பும். ஒர்க் ஸ்டடி பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற ஐடில் டைம் குறைப்புதான் இது. நாம் பத்து மார்க்குக்கு எழுதினோம், அவர் கண்ணுக்கு எழுதினார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர்களுக்கு இலவசம் அல்லது சொற்பம். இரண்டு பேருக்கும் ஆபரேஷன் ஒன்றுதான், அறை வசதிதான் வேறு.

என்னை யோசிக்க வைத்தது ஆபரேஷன் கூட இல்லை, லென்ஸ். புரை விழுந்த கண்ணிலிருந்து அந்தப் புரையை எடுத்துவிட்டால் வெளிச்சத்தைக் குவிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் அதற்குப் பதிலாகச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மனிதர் மறுபடி குருடுதான். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்று 1949ல் லண்டனில் செய்து காட்டியவர் ஹெரால்ட் ரிட்லி. யுத்தத்தில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சிதறல்கள் கண்ணைப் புண்ணாக்காமல் உள்ளேயே கிடந்ததைக் கவனித்தவர் அவர். மெட்டீரியல்ஸ் பாடத்தில் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிற பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இப்படி ஒரு கதை!

ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. ஏழைக்குக் கண்ணாடி, பணக்காரனுக்கு லென்ஸ். இதை மாற்றத்தான் 1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கினார்கள். டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் தொழில்நுட்பம் கொண்டுவர உதவினார். நகத்தைவிடச் சின்னத் துண்டு அக்ரிலிக்கை லேத்தில் கடைந்து, மில்லிங்கில் வெட்டி, உருட்டிப் பாலிஷ் போட்டு, கிருமி நீக்கிப் பாக்கெட் செய்கிற வேலை. லேத், மில்லிங், பாலிஷிங்! நம்ம செகண்ட் இயர் ஒர்க்‌ஷாப்தான், மைக்ரான் கணக்கில். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிற அந்தத் தொழிற்சாலையின் லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. 'ஏழையால் இவ்வளவுதான் முடியும்' என்பதை முதல் வரியாக எழுதிவிட்டு அதற்குள் மெஷினை ஓட்டினார்கள். பிரகலாத் புத்தகம் எழுதுவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே!

இன்னொன்றையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதைத்தான் நான் அசல் மார்க்கெட்டிங் என்று சொல்வேன். ஆரம்பத்தில் கிராமத்தில் முகாம் போட்டு, 'ஆபரேஷன் இலவசம், ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு வந்தால், வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இலவசத்தை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? எனக்கு இதற்குப் பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை, எங்கள் அப்பத்தாவிடம் கிடைத்தது. கண்ணில் பூ விழுந்து மூன்று வருஷம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. "ஓசின்னு சொல்றீங்க ராசா... பஸ்ஸுக்கு யாரு குடுப்பா? கூட வர்றவனுக்கு ரெண்டு நாள் கூலி போகுமே, அத யாரு குடுப்பா? மாட்டுக்குத் தண்ணி யாரு வைப்பா?" இலவசம் என்று நாம் நினைக்கிற பொருளுக்கு அப்பத்தா பைசா சுத்தமாக விலை போட்டு வைத்திருந்தது! அரவிந்தில் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஊரே சேர்ந்து பஸ்ஸில் ஏறும்போது பயமும் போய்விடுகிறது. அப்பத்தாவும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் போனது. வந்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, "ஏண்டா இப்படிக் கறுத்துப்போயிட்ட?" என்றது. நான் எப்போதும் இந்தக் கலர்தான்.

பிரகலாதுக்கு எதிர்ப்பும் பலமாக வந்தது. அதுவும் எங்கிருந்து? அவர் வேலை பார்த்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து. அனீல் கர்னானி என்ற பேராசிரியர் 2007ல் எழுதிய கட்டுரையில், பிரமிடின் அடியில் இருப்பதாகச் சொல்கிற செல்வம் கானல் நீர் என்றார். அவர் வாதம் சுருக்கமாக இதுதான்: ஏழையிடம் விற்பதற்கு நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சந்தை இல்லை. சின்னப் பாக்கெட்டில் போடுவதால் பொருள் மலிவாகிவிடாது. ஏழையை வாங்குகிறவனாகப் பார்ப்பதை விட்டுவிட்டு உற்பத்தி செய்கிறவனாகப் பாருங்கள், அவன் வருமானத்தைக் கூட்டுங்கள், வறுமை அப்போதுதான் குறையும்.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் குழம்பினேன். இவர் சொல்வதும் சரியாகத்தானே இருக்கிறது? பிறகு வீரபாஞ்சான் நினைவுக்கு வந்தது. அந்த லென்ஸைச் செய்கிற கைகளில் பெரும்பாலானவை சுற்று வட்டாரத்துக் கிராமத்துப் பெண்களின் கைகள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துத்தான் கண் பரிசோதனை முதல் தியேட்டர் வேலை வரை நடத்துகிறார்கள். வாங்குகிறவரும் கிராமம், செய்கிறவரும் கிராமம். பார்வை திரும்பியவர் மறுபடி களை எடுக்கப் போகிறார், பருத்தி எடுக்கப் போகிறார், கூலி வாங்குகிறார். கர்னானி கேட்டதும் இங்கே நடக்கிறது, பிரகலாத் கேட்டதும் நடக்கிறது. அதனால் என் கட்சி இதுதான்: ஷாம்பு பாக்கெட்டையும் கண் லென்ஸையும் ஒரே புத்தகத்தில், ஒரே தத்துவமாக வைத்தது பிரகலாத் செய்த தப்பு. ஒன்றில் பொருள் சின்னதாகியது. இன்னொன்றில் பொருளைச் செய்கிற முறையே மாறியது. முதலாவதற்குப் பாக்கிங் மெஷின் போதும். இரண்டாவதற்கு லேத்தும், லேத் தெரிந்தவனும் வேண்டும்.

2009ல் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் சான்டியாகோவில் காலமானார். நான் பிரகலாதைப் பற்றிக் கேள்விப்பட்டதே அதற்கு வெகுநாள் கழித்து, மேனேஜ்மெண்ட் பேப்பருக்கு லைப்ரரியில் புரட்டியபோதுதான்.

இப்போது கடலை அக்காவுக்கு வருகிறேன்.

எங்கள் செட்டில் ஃபைனல் இயர் புராஜெக்ட்டாகப் பெடல் கடலை உடைக்கும் மெஷின் செய்தோம். பழைய சைக்கிள் செயின், வீல், டிரம், அடியில் சல்லடை, தொலி பறக்க ஒரு ஃபேன். மணிக்கு எத்தனை கிலோ உடைக்கிறது என்று டேபிள் போட்டு, கிராஃப் வரைந்து, பைண்டிங்கும் கொடுத்தாயிற்று. எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் இருப்பதுபோல் எங்களுடையதிலும் காஸ்ட் எஸ்டிமேஷன் கடைசி அத்தியாயம். 14,500 ரூபாய். அந்தத் தொகையை யார் கொடுப்பார் என்று ஆறு பேரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. கெய்டு சாரும் கேட்கவில்லை.

வைவாவுக்கு முன்னால், போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான், ஒரு குட்டியானையில் ஏற்றி அந்தக் கிராமத்துக்குப் போனோம். திண்ணையில் உரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து ஒரு கைப்பிடி போட்டு மிதித்துப் பார்த்தார். விழுந்த பருப்பை உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது செக்குக்கு ஆகும். விதைக்கு ஆகாது. தோல் கிழிஞ்சா எப்பிடி முளைக்கும்?" விதைக்கடலைக்காகத்தான் அவர்கள் கையால் உரிக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். செக்குக்குப் போகிற கடலையை மில்லில் உடைத்துவிடுகிறார்களாம். அடுத்து விலையைக் கேட்டார். சொன்னோம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "இந்த ஃபேன் எதுக்கு? மொறம் இருக்கு, பொடைச்சுக்கிற மாட்டோமா? நாலாயிரத்துக்குள்ளன்னா சொல்லுங்க, நாலு வீடு சேந்து வாங்கிக்கிறோம்" என்றார். பிரகலாத் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னதை அந்த அக்கா நின்ற இடத்தில் சொல்லிவிட்டார். மாணவர் மன்றத்தின் சார்பில் இந்த வருஷம் அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கமிட்டியில் சொன்னேன், சிரித்தார்கள்.

திரும்பி வந்து ஃபேனைக் கழற்றினோம். டிரம்மில் இரும்புக் கம்பிக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினோம். வேகம் குறைந்தது, தோல் கிழிவதும் நன்றாகவே குறைந்தது. ரிப்போர்ட்டைப் பிரித்து, 'வாங்குபவர் கொடுக்கக்கூடிய விலை ரூ. 4,000' என்று ஒரு தாள் அடித்து முதல் பக்கத்தில் வைத்தோம். வைவாவில் எக்ஸ்டெர்னல் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, அத்தியாயம் மாறி பைண்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னோம். மார்க் என்னமோ சுமார்தான்.

அதனால் மன்றத்துக்கும், எச்.ஓ.டி. சார்களுக்கும் நான் வைக்கிற கோரிக்கை ஒன்றுதான். அடுத்த வருஷத்திலிருந்து டைட்டில் கொடுக்கும்போதே ஒரு தாள் கேளுங்கள்: இதை யார் வாங்குவார், அவரைப் போய்ப் பார்த்தீர்களா, எவ்வளவு கொடுப்பேன் என்றார்? இந்தத் தாள் இல்லாத டைட்டிலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று நம்ம பையன்கள் வராத ஊர் இல்லை. சனி ஞாயிறு ஊருக்குப் போகும்போது கேட்டுக்கொண்டு வந்தால் ஆயிற்று, தனிச் செலவு கிடையாது. கம்ப்யூட்டர்காரர்களுக்கும் எலெக்ட்ரிகல்காரர்களுக்கும் இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

மெஷின் இப்போது 6,200 ரூபாயில் நிற்கிறது. இன்னும் 2,200 குறைக்க வேண்டும். டிரம் கனம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது, ஃப்ரேமில்கூடக் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம். அக்காவிடம் அடுத்த விதைப்புக்குள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போகிறோம், ஜூனியர் செட்டில் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது. மெஷின் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஷேப்பிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. செயினுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும்.